எட்டு விளக்கும் எரிந்தன

நெட் இணைப்பு இரண்டு தடவை அறுந்தாகிவிட்டது. மூன்றாவது தடவை அறுந்தால் அண்ணிக்கு வேலை இல்லை. இது யாரும் வாய்வார்த்தையாக மிரட்டியதல்ல. வேலை கொடுத்தவர்கள் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் மூன்று முறை இணைப்பு நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிப் பாடம்தான் அந்த இரண்டு வாரத்தின் கடைசிப் பாடம். அன்று வியாழன்.

வேலை இதுதான். எங்கோ ஒரு கல்லூரியில் காது கேளாத பெண் ஒருத்தி நிலவியல் படிக்கிறாள். வகுப்பில் பேராசிரியர் பேசுவது நெட் வழியாக அண்ணியின் காதுக்கு வரும். அண்ணி கேட்கக் கேட்கக் கணினியில் தட்டுவாள். அவள் தட்டுவது அந்தப் பெண்ணின் திரையில் வரி வரியாக ஓடும். கம்பியில்லாத இணைப்பு கூடாது, ஒயர் போட்டுத்தான் செய்யவேண்டும் என்பது அவர்கள் விதி. ஒயர் போட்டது அவள் கொழுந்தன்.

கொழுந்தனுக்கு வீட்டில் பெயர் பாதி. பயிற்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனை அண்ணன் முதலில் பாதிப்படிப்பு என்றான். பிறகு சோம்பல்பட்டுப் பாதி ஆக்கிவிட்டான். பதினைந்து வருஷம் ஆயிற்று, முப்பத்துநாலு வயசாயிற்று, இன்னும் பாதிதான். மோட்டார் வைண்டிங் பட்டறை ஒன்றில் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருவான். அந்தத் தெருவில் பாதி வீட்டுத் தண்ணீர் மோட்டார்கள் அவன் கை பட்டவை. அண்ணி மட்டும் அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் நடந்தது ஒரு விசாரணை.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றான் அண்ணன். சொல்லியிருக்கவில்லை. "அந்தச் சாம்பல் ஒயர் ஒல்லி. பின்ரூம் செவுத்துல மேஸ்திரி விட்டுட்டுப் போன நீல ஒயர் தடி. ஒல்லியையும் தடியையும் கொண்டுபோய் பரண்ல முடிச்சுப் போட்டா எப்படிடா ஓடும்?"

"முடிச்சு போடல. ரெண்டு பிளக்கையும் சேக்குற கப்ளர் போட்டிருக்கேன்."

"அது என்ன எழவோ. பாதி ஒல்லி, பாதி தடி. பண்ணினதும் பாதி."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை ஊற்றினாள். அண்ணி சிரிக்கவில்லை. தட்டில் கை வைத்தபடி கேட்டாள்: "தம்பி, அதனாலதானா? ரெண்டு வேற வேற ஒயர்ங்கிறதாலயா?"

"அப்படித்தான் இருக்கணும் அண்ணி," என்றான் அவன். "கடையில போய் நல்ல கப்ளரா வாங்கிட்டு வரேன்."

அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவன் உண்மையிலேயே விரும்பினான். தப்பு ஒயர்களின் மேல் இருந்தால் தன் மேல் இல்லை.

ஒயர் போட்ட நாளை அவன் மறக்கவில்லை. கூடத்தில் இருக்கும் ரூட்டர் பெட்டியிலிருந்து பரண் வரைக்கும் சாம்பல் ஒயர். பரணிலிருந்து பின்னறைக்கு நீல ஒயர். ஆக நாலு முனை, நாலு பிளக். ஒவ்வொரு ஒயருக்குள்ளும் எட்டுக் கம்பி. எட்டில் நாலு நிறக் கம்பி, நாலு வெள்ளை. வெள்ளையில் மயிரிழை மாதிரி ஒரு நிறக் கோடு. பரணில் குந்திக்கொண்டு உறையைச் சீவி, எட்டையும் விரித்து, டார்ச் அடித்துப் பார்த்தான். நீலம் தெரிந்தது. மற்ற மூன்றும் ஒரே மண்ணில் செய்த மூன்று பானை மாதிரி இருந்தன.

அவனுக்கு அது புதிதல்ல. பயிற்சிப் படிப்பின் இரண்டாம் வருஷத்தில் வாத்தியார் நிற வளையம் போட்ட சின்னஞ்சிறு ரெசிஸ்டர்களைக் கை நிறைய அள்ளி மேசையில் கொட்டி, வளையத்தின் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னார். பக்கத்துப் பையன்கள் பேசிக்கொண்டே பிரித்தார்கள். இவன் அரைமணி நேரம் அவற்றை இங்கேயும் அங்கேயும் நகர்த்திவிட்டு, கை கழுவப் போவதுபோல வெளியே போனான். திரும்பிப் போகவில்லை. வீட்டில் கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றான். செம்புக்கம்பிக்கு ஒரே நிறம்தான். வைண்டிங் வேலைக்குப் போனதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

பரணில் அன்று அவன் செய்தது தன் வழி. ஒரு முனையில் கம்பிகளைத் தோன்றின வரிசையில் பிளக்கில் செருகி அழுத்தினான். மறுமுனைக்குப் போய், மணி அடிக்கும் மீட்டரை வைத்து, இந்தக் கம்பி அந்த முனையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒன்றொன்றாகத் தேடினான். மணி அடித்தால் அதுதான். ஒரு ஒயருக்கு ஒரு மணி நேரம். இரண்டு ஒயரும் முடிந்ததும் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய சோதனைப் பெட்டியை மாட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு விளக்கும் வரிசை பிசகாமல் எரிந்தன. கீழே இறங்கும்போது விசிலடித்தான். அவன் விசிலடித்து அம்மா பார்த்தது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான்.

கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒயர்ச் சுருள்கள், நடுவில் ஒரு மின்விசிறி, அதற்குக் கீழே கடைக்காரம்மா. காதில் பென்சில். அவன் கப்ளர் கேட்டான். எதற்கு என்று கேட்டாள். சொன்னான்.

"சேக்கலாமே," என்றாள். "ஒல்லி தடி எல்லாம் பாத்துக்கிட்டா ஊர்ல ஒரு வீட்டுலயும் நெட் ஓடாது. ரெண்டுல எது மெதுவோ அந்த வேகத்துல போகும், அவ்வளவுதான். ஆனா விட்டு விட்டுப் போகாது. விட்டுப் போச்சுன்னா வேற கோளாறு. பிளக்கு வெட்டிக் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவரவில்லை. ஆனால் அன்று மிச்சமான துண்டு ஒன்று பையின் அடியில் கிடந்தது. முதலில் செய்துவிட்டுச் சரியாக அழுந்தவில்லை என்று வெட்டிப்போட்ட பிளக். எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு நொடிதான் பார்த்தாள்.

"யாரு தம்பி பண்ணினது இத?"

"ஒரு மேஸ்திரி."

"குடிச்சிட்டுப் பண்ணினாரா?"

அவள் ஒரு சுருளின் முனையைச் சீவிக் காட்டினாள். "இங்க பாருங்க. ஒவ்வொரு கலரும் அதோட வெள்ளையோட முறுக்கிக்கிட்டுத்தான் வருது. சும்மா அழகுக்கு முறுக்கல. ஜோடியா இருந்தாத்தான் வெளிக் கரண்டோட இரைச்சல் உள்ள ஏறாது. உங்க மேஸ்திரி ஜோடியப் பிரிச்சு ஆளுக்கொரு மூலையில விட்டிருக்காரு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி பண்ணியிருந்தா விளக்கெல்லாம் எரியும், மணி அடிக்கும். ஆனா பக்கத்துல எங்கயாவது மோட்டார் ஓடிச்சுன்னா போச்சு. வீட்டுல மோட்டார் இருக்கா?"

"இருக்கு."

"யாரு வைண்டிங்?"

"நான்தான்."

"அதுவாவது ஒழுங்கா ஓடுதா?" என்று சிரித்தாள். அவனும் சிரிக்க வேண்டியிருந்தது. பென்சிலை எடுத்து ஒரு தாளில் எட்டு நிறத்தையும் வரிசையாக எழுதினாள். தடி ஒயரின் கம்பி பருமன், சாதாரணப் பிளக்கில் சரியாக உட்காராது என்று அதற்கு வேறு பிளக் கொடுத்தாள். ஆள் அனுப்பட்டுமா என்றாள். எப்போது என்றான். சனிக்கிழமை என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் யோசித்தது உண்மையைப் பற்றியல்ல, ஃபியூஸைப் பற்றி. இரண்டு தடவை அறுந்தபோதும் அம்மா மோட்டார் போட்டிருந்தாள், நினைவிருக்கிறது. ஆக, வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மோட்டார் ஓடக்கூடாது. அவ்வளவுதானே. கப்ளரை மாற்றி, ஃபியூஸைப் பிடுங்கி, வாயை மூடிக்கொண்டிருந்தால் பாடம் முடிந்துவிடும். சனிக்கிழமை கடை ஆள் வந்து கமுக்கமாகச் சரிசெய்துவிட்டுப் போவான். பதினைந்து வருஷமாகக் காப்பாற்றியதை ஒரு ஒயருக்காக எதற்குப் போட்டு உடைக்கவேண்டும்?

அப்படியே செய்தான். புதுக் கப்ளர் இரும்பில் பளபளவென்று இருந்தது. அண்ணியிடம் காட்டினான். "இனிமே போகாதுல்ல தம்பி?" என்றாள். "போகாது அண்ணி," என்றான்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு அரைநாள் லீவு சொன்னான். காலையிலேயே தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒன்பது இருபதுக்கு அண்ணி, கணக்கில் சேராத ஒரு சோதனை பார்க்க உட்கார்ந்தாள். நாலு நிமிஷம் ஓடியது. ஐந்தாவது நிமிஷம் பின்னறையிலிருந்து அவள் குரல் வந்தது. கத்தவில்லை. ரொம்பச் சாதாரணமாக வந்தது.

"தம்பி, போயிருச்சு."

அவன் காதைத் தீட்டினான். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம், நீல ஒயர் புதைந்திருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம், கர்ரென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மோட்டார். அதுவும் அவன் கட்டியதுதான். அதன் ஃபியூஸை அவன் போய்ப் பிடுங்க முடியாது; அந்த வீட்டுக்காரர் காலையில் குளிப்பவர், துவைப்பவர், செடிக்கு ஊற்றுபவர்.

ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினான். சாம்பல் ஒயரின் பழைய பிளக்கை வெட்டியெறிந்தான். கடைக்காரம்மாவின் தாளை டார்ச்சுக்குக் கீழே விரித்தான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். படிக்கத் தெரிந்தது. முறுக்கைக் கெடுக்காமல் தடவித் தடவி ஜோடியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தான். கண்டுபிடிக்கவும் செய்தான். ஆனால் எந்த ஜோடி ஆரஞ்சு, எந்த ஜோடி பச்சை? மணி வைத்துப் பார்த்தால் நாலு முனைக்கும் இரண்டு மணி நேரம். கடிகாரம் ஒன்பது முப்பத்தொன்று.

ஒரு நிமிஷம் அந்தக் கம்பிகளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பரணில் பழைய தலையணைகளும், அண்ணன் கல்யாணத்துக்கு வந்த மின்விசிறிப் பெட்டியும் இருந்தன. வேறு யாரும் இல்லை.

"அண்ணி," என்று கூப்பிட்டான். "கொஞ்சம் மேல வாங்க."

"மணி என்ன ஆகுதுன்னு பாத்தியா?" என்றபடியே ஏணியில் பாதி ஏறி, பரண் விளிம்பில் தலையை நீட்டினாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"இதுல ஆரஞ்சு எதுன்னு சொல்லுங்க."

"ஏன், உனக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியாது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"நீலம் தெரியும்," என்றான். "ஆரஞ்சு, பச்சை, பிரவுன் மூணும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலேருந்து."

"அப்போ அன்னைக்கு எப்படிப் பண்ணின?"

"மணி வச்சு. அதான் ஜோடி மாறிப்போச்சு. ஒயர் மேல தப்பில்ல. கப்ளர் மேலயும் தப்பில்ல. நேத்தே தெரியும்."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

ஏணியின் மேல்படியை அவள் இறுக்கிப் பிடித்தாள். கை வெளுத்துப்போனது. அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"சரி. திட்டுறத அப்புறம் வச்சுக்கறேன்," என்றாள். "இதுதான் ஆரஞ்சு. இதோட வெள்ளைய முதல்ல பிடி."

அவள் சொன்னாள், அவன் வைத்தான். அவள் வேலை அதுதான். ஒரு சொல் கேட்டால் அதைத் தவறவிடாமல் சேர்ப்பிப்பது. வெள்ளை ஆரஞ்சு. ஆரஞ்சு. வெள்ளைப் பச்சை. இல்ல, அது பிரவுன், பக்கத்துல இருக்கு பாரு. ஆமா, அதுதான். அவன் கை வைண்டிங் கை. எட்டுக் கம்பியும் ஒரே நீளத்துக்கு வெட்டுப்பட்டு, பிளக்குக்குள் ஒன்றாகப் போய் முட்டின. பிளக்கை அழுத்தும் கிரிம்பிங் டூல் கடக்கென்றது. நீல ஒயரின் பரண் முனைக்கு நாலு நிமிஷம். இறங்கிக் கூடத்துக்கு ஓடினார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா ரெண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடுறீங்க?" என்றாள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கூடத்து முனை முடிந்தது. பின்னறை முனையில் தடி ஒயரின் கம்பிகள் விறைத்துக்கொண்டு வளைய மறுத்தன. ஒரு பிளக் வீணானது. கடைக்காரம்மா ஒன்று கூடுதலாகப் போட்டிருந்தாள். அவளுக்கு ஆளைப் பார்த்தாலே எத்தனை வீணாக்குவான் என்று தெரியும் போல.

ஒன்பது ஐம்பத்தேழுக்கு அண்ணி ஹெட்போனை மாட்டினாள். கதவைச் சாத்தவில்லை, அவகாசம் இல்லை.

அவன் கூடத்தில் ரூட்டர் பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தான். பின்னறையிலிருந்து தட்டும் சத்தம் மழை மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பத்து மணி. பத்தேகால். பத்தரைக்கு அண்ணன் வந்தான். பால் வண்டி ஓட்டுபவன், விடிவதற்கு முன் போய் இந்நேரத்துக்குத்தான் திரும்புவான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனவன், சோப்பு போட்ட முகத்தோடு கத்தினான்.

"யாருடா மோட்டார் ஃபியூஸப் பிடுங்கினது? தண்ணி நூலு மாதிரி வருது!"

தொட்டியை நிரப்பியது இவன்தான். காலையிலிருந்து துணி துவைத்தே அதைக் காலி செய்தது அம்மா. இவன் எழுந்து போவதற்குள் அண்ணன் ஈரக் கையோடு பெட்டியில் வேறு ஃபியூஸைச் செருகிவிட்டான். மோட்டார் உறுமியது. சொல்லிவைத்த மாதிரி சுவருக்கு அந்தப் பக்கமும் உறுமியது. இரண்டு மோட்டார்கள், இரண்டும் அவன் கைவேலை, இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.

அவன் ரூட்டரைப் பார்த்தான். சின்ன விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நன்றாக ஓடினால் பச்சை, தடுமாறினால் ஆரஞ்சு என்று அந்தப் பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. எந்த நிறம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய் பின்னறை வாசலில் நின்றான். தட்டும் சத்தம் நிற்கவில்லை. அண்ணியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரையில் ஏதோ ஆற்றுப்படுகையைப் பற்றி, வண்டல் படிந்து படிந்து பாறையாவதைப் பற்றி வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் கணினியில் ஒயர் செருகிய இடத்திலும் ஒரு பொட்டு விளக்கு. அவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் ஓரக்கண்ணால் கண்டாள். விரல்கள் நிற்காமலே சொன்னாள்:

"பச்சைதான். போ."

போனான். முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "என்னடா, சரியாயிருச்சா? புதுக் கப்ளரா? நான்தான் சொன்னேனே, ஒல்லியையும் தடியையும்..."

"அதெல்லாம் இல்லண்ணே. நான் தப்பாப் போட்டிருந்தேன். எனக்குக் கலர் தெரியாது."

"கலர் தெரியாதுன்னா?"

"பச்சை, ஆரஞ்சு, பிரவுன். தெரியாது. அதுக்குத்தான் படிப்ப விட்டேன்."

அண்ணன் துவட்டுவதை நிறுத்தினான். பிறகு யாரும் செய்யக்கூடியதைச் செய்தான்: துண்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன கலரு?" என்றான்.

"தெரியாது."

"இந்தச் சட்டை?"

"அண்ணே."

"சும்மா கேட்டேன்டா." துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சொல்லியிருக்கலாம்ல பா..." என்று ஆரம்பித்து, அந்தப் பெயரை முழுங்கிவிட்டு, உள்ளே போய்ச் சட்டை மாட்டினான்.

பன்னிரண்டு ஐந்துக்கு அண்ணி வந்தாள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். கடைசி வரை ஓடியது என்றும், வேலை நிரந்தரம் என்று கடிதம் திங்கட்கிழமை வரும் என்றும் அம்மாவிடம் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்போ திட்டட்டுமா?"

"திட்டுங்க அண்ணி."

"போன வாரம் அறுந்துச்சே, முதல் தடவ. பதினோரு நிமிஷம். அந்தப் பொண்ணு பதினோரு நிமிஷம் வெறும் திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. சுத்தி எல்லாரும் எழுதிக்கிட்டிருக்காங்க, இவளுக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. அப்புறம் எனக்கு ஒரு வரி அனுப்பினா: நான் ஏதாவது தப்பாத் தொட்டுட்டேனான்னு. நேத்து உனக்குத் தெரிஞ்சும் நீ வாயத் தொறக்கல. என் வேலை போனா நான் வேற தேடிக்குவேன். அவ?"

அண்ணி சொல்லி முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நாலு தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவனுடைய தட்டையும் சேர்த்துத்தான்.

அம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முக்காலிக்குக் கீழே சீவிப்போட்ட உறையும் வெட்டுக் கம்பிகளும் சிதறிக் கிடந்தன. குனிந்து ஒரு துண்டை விரலில் எடுத்தாள். அவள் காதிலும் விஷயம் விழுந்திருந்தது. அண்ணன் மாதிரி உயர்த்திக் காட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இது உனக்கு எப்படிடா தெரியுது?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. அவன் பார்த்தான்.

"காஞ்ச எலை மாதிரிம்மா."

அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி அதை இன்னொரு தரம் பார்த்தாள். "பச்சை," என்றாள். பிறகு மற்ற துண்டுகளோடு சேர்த்து முறத்தில் தள்ளினாள்.